வீழ்ந்தவனே ஏழு

நம் பார்க் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் விடிவதற்கு முன்பே ஒரு கவிதை வந்து விழுகிறது. சூரியன் படம், அதன் மேல் மஞ்சள் எழுத்தில் நாலு வரி. விழுந்தாலும் நிமிர், உடைந்தாலும் ஒளிர் என்று ஏதாவது இருக்கும். போன வாரம் அப்படி ஒன்று வந்தபோது, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் நண்பர், "எல்லோரும் இதற்குப் பொருள் எழுதுங்கள், பார்ப்போம்" என்று போட்டார். நீங்களும் எழுதினீர்கள். நன்றாகவே எழுதினீர்கள். விடாமுயற்சி என்றார் ஒருவர், தன்னம்பிக்கை என்றார் இன்னொருவர். ஒருத்தர் பீனிக்ஸ் பறவையையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடைசியில் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து கேழ்வரகுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "நீங்கதாம்மா இதுக்கு வாழும் உதாரணம். நீங்க எழுதாம எப்படி?" என்றீர்கள்.

எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுவில் பி.ஏ. இருக்கிறார்கள், எம்.காம். இருக்கிறார்கள், ஆங்கிலத்தில் கனவு காண்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கவிதைக்குப் பொருள் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தையே இழந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே இந்த விஷயத்தில் உங்கள் எல்லோரையும் விட நான் அதிகம் படித்தவள்.

சிரிக்காதீர்கள். பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் சொந்த ஷெட்டில் பவர் பிரஸ் ஓட்டுகிற பொம்பளைகள் எத்தனை பேர் என்று விசாரித்துவிட்டு வந்து சிரியுங்கள். தகட்டை உள்ளே விட்டால் வாஷராக, கிளாம்பாக வெளியே வரும் மெஷின் அது. அசந்தால் விரலையும் வாஷராக்கிவிடும். என் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன, வந்து பார்த்துக்கொள்ளுங்கள். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. பெருமையடிக்கிறாள் என்பீர்கள். ஆமாம், அடிக்கிறேன். எனக்காக வேறு யாராவது அடிப்பதாக இருந்தால் நான் நிறுத்திக்கொள்கிறேன்.

அது ஒரு மழைக்காலம். பெங்களூர் மழை அப்போதெல்லாம் கொட்டிவிட்டுப் போகாது, வந்து தங்கும். நாங்கள் ஜோகுபாளையத்தில் ஓடு போட்ட வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பா கட்டிடங்களுக்கு வர்ணம் அடிக்கிறவர். சாயங்காலம் அவர் தெருமுனை திரும்பும்போதே டர்பெண்டைன் வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். கை கால் கழுவினாலும் காதுமடலைக் கழுவ மட்டும் அவருக்கு மறந்துபோகும். அதைப் பார்த்தே அன்றைக்கு எந்த நிறத்து வீடு என்று சொல்லிவிடுவேன். பச்சை. ரோஜா. பணக்காரர் வீடென்றால் பாலாடை நிறம்.

அந்த வருஷம் மழை பிடித்த முதல் வாரத்தில், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மாடி வீட்டில் ஈர மூங்கில் வழுக்கி அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஆறும் வரை படுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அவர் காதுமடல் வெறுமனே இருந்தது. அவர் பிரஷ் ஊறவைக்கும் பால்பவுடர் டப்பாவில் டர்பெண்டைன் வற்றி, கடைசியாக அடித்த நீலத்தோடு பிரஷ்கள் அப்படியே இறுகிப்போய்விட்டன. இழுத்தால் டப்பாவோடு வரும். அந்த டப்பா எந்தக் குப்பையில் போனதோ தெரியவில்லை. இன்றைக்குக் கிடைத்தால் என் ஆபீஸ் மேஜை மேல் வைத்துக்கொள்வேன், வருகிற அதிகாரி என்ன நினைத்தாலும் சரி.

பக்கத்து வீட்டம்மா கன்னடக்காரர். இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிவந்தார். குரல் அல்சூர் ஏரிக்கு அந்தக் கரை வரை கேட்கும். காலையில் எருமையின் முதுகில் ஒரு தட்டு தட்டி, "ஏளு, ஏளு" என்பார். எழுந்திரு என்று அர்த்தம். எருமை எழுந்து நின்றதும் பால் கறந்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பாவின் இடது அக்குளில் அம்மா, வலது அக்குளில் அவர். "ஏளப்பா, ஏளு." அதே குரல். முதுகில் அதே தட்டு.

"எருமைக்குச் சொல்ற மாதிரியே எனக்கும் சொல்லுது பாரு இந்தம்மா," என்பார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டே.

"எருமை ஒரு வாட்டி சொன்னா எந்திரிச்சுடும்," என்பார் அந்த அம்மா. தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும், தேவைப்பட்டால் மட்டும் பேசுவார்.

தூக்கி நிறுத்தும்போது அப்பாவின் கால் பெருவிரல் தரையைத் தேடும். கண் தெரியாதவர் கைநீட்டிச் சுவரைத் தேடுகிற மாதிரி. தரை கிடைத்ததும் அவர் ஒரு மூச்சு விடுவார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம் என்றால் தகரக்கூரை போட்ட ஒரு தமிழ்ப் பள்ளி. ஐந்தாவதோடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் கன்டோன்மென்டில் இருந்த பெரிய பெண்கள் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை ஃபீஸ் இல்லாமல், மதியச் சாப்பாடும் போட்டு எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பள்ளியின் தலைமை மேடம் அந்த வருஷம் மழைக்காலத்திலேயே வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்டு, ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போவார் என்று சொல்லியிருந்தார்கள்.

அம்மா வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தார். அவர் பேச்சை வளர்க்கிறவர் இல்லை. "அந்த எடம் கெடைச்சா படி. கெடைக்கலன்னா பலகைய எடுத்துக்கிட்டு என் பக்கத்துல ஒக்காரு. உங்கப்பாவயும் உன் படிப்பயும் சேத்து இழுக்க என்னால ஆகாதுடி," என்றார். பத்தி உருட்டுகிற அந்தப் பலகையைப் பார்த்தேன். கரியும் பசையும் ஏறி, கறுத்து மின்னிக்கொண்டிருந்தது.

எங்கள் தமிழ் வாத்தியாருக்கு ழகரம்தான் உயிர். எங்கள் வாயில் அது நிற்காது. பளம் என்போம், வாளக்கா என்போம். "நாக்க மடி! உள்ள மடி!" என்று ஸ்கேலால் மேஜையில் தட்டுவார். எதிலும் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்கிற புத்தி எனக்கு அப்போதே உண்டு. காதில் ள விழுந்தால் கை தானாக ழ போட்டுவிடும். ஒருமுறை பழ்ழிக்கூடம் என்று எழுதிக்கொண்டு போய் நீட்டியிருக்கிறேன்.

மேடம் வருகிற நாளுக்கென்று வாத்தியார் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தார். புத்தகத்தில் இல்லாத பாட்டு. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் சிலேட்டில் எழுத வேண்டும்.

வீழ்ந்தவனே எழு! விம்மாமல் எழு!
தாழ்ந்தவனே எழு! தனியாக எழு!
இடியும் மழையும் இளைஞனுக் கென்ன?
விடியும் வானம் வெகுதூரம் இல்லை.

அவர் எழு என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் 'வீழ்ந்தவனே' என்றதுமே என் கண்ணில் அப்பா வந்துவிட்டார். அப்பா வந்ததும் காதில் 'ஏளு' வந்துவிட்டது. ள தப்பு, ழ போடு. நாலு இடத்திலும் அழகாக, குண்டு குண்டாக எழுதினேன்: ஏழு.

வாத்தியார் என் சிலேட்டைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினார். "வீழ்ந்தவனே ஏழு! விம்மாமல் ஏழு! ஏன்டி, இது பாட்டா, வாய்ப்பாடா?"

வகுப்பு சிரித்தது. "எந்திரின்னு அர்த்தம் சார்," என்றேன்.

"எந்த ஊர்ல?"

"எங்க பக்கத்து வீட்ல சார்."

தகரக்கூரை பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். "அது கன்னடம். அத வாசல்ல செருப்போட விட்டுட்டு உள்ள வா," என்றார் அவர். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ஏழு. "ஏய் ஏழு, எட்டு எங்கடி போச்சு?" என்று கேட்டுக்கொண்டே பையன்கள் பின்னால் வருவார்கள். இரண்டு பேருக்கு மண்டையில் சிலேட்டாலேயே பதில் சொன்னேன்.

அப்படியிருந்தும் வாத்தியார் என்னைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ஒருமுறை கேட்டால் எனக்கு மனப்பாடம் ஆகிவிடும், குரலும் கணீரென்று இருக்கும். வகுப்பில் எனக்குப் போட்டி கம்பவுண்டர் மகள் மட்டும்தான். எங்கள் இருவருக்கும் அவர் பொருளையும் சொல்லிக் கொடுத்தார். "துன்பம் வரும்போது யாருடைய உதவியையும் நாடாமல், தன் முயற்சியால் உயர வேண்டும் என்று கவிஞர் கூறுகிறார். ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது."

வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை ஒழுகுகிற இடத்தில் அம்மா வைத்திருந்த சட்டியில் சொட்டுச் சொட்டென்று விழுந்து எனக்குத் தாளம் போட்டது. தனியாக எழு, சொட். தனியாக எழு, சொட். பாயிலிருந்து அப்பா தலையைத் திருப்பினார்.

"தனியாவா? யாரு பாப்பா அவன்? எங்கேர்ந்து விழுந்தானாம்?"

"பாட்டுப்பா. கவிஞர் சொல்றாரு."

"எங்க நின்னுக்கிட்டு சொல்றாரு?"

அப்பா விளையாட்டாகத்தான் கேட்டார், கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது காதுக்குள் போன எறும்பு மாதிரி ஆகிவிட்டது.

மேடம் வந்த அன்று நல்ல மழை. வெள்ளைச் சேலை, கையில் நீளக் குடை. குடையை மூலையில் சாய்த்ததும் அதிலிருந்து ஒரு சின்ன ஓடை கிளம்பி வாத்தியாரின் நாற்காலிக் காலடிக்குப் போனது. கம்பவுண்டர் மகள் பாட்டையும் பொருளையும் ஓர் எழுத்து மாறாமல் ஒப்பித்தாள். "குட்," என்றார் மேடம். அடுத்து நான். பாட்டை நான் சொன்ன விதத்தில் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தேன். இடம் எனக்குத்தான் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

"இப்போ பொருள் சொல்லும்மா."

"துன்பம் வரும்போது யாருடைய உதவியையும்..." என்று ஆரம்பித்தேன். நின்றுவிட்டது.

"மறந்துடுச்சா?"

"மறக்கல மேடம். அது சரியா இல்ல."

வாத்தியார் ஸ்கேலை எடுத்தார். மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "எது சரியா இல்ல?"

"தனியா எழுன்னு சொல்றது மேடம். எங்கப்பா சாரத்துலேர்ந்து விழுந்துட்டாரு. தெனம் ரெண்டு பேரு புடிச்சாத்தான் எந்திரிக்கிறாரு. எந்திரின்னு சொல்றவங்க கைய குடுத்துட்டுத்தான் சொல்றாங்க. இந்தப் பாட்டுல சொல்றவரு நின்னுக்கிட்டே சொல்றாரு. குனியவே இல்ல."

பின் வரிசையில் யாரோ "ஏழு" என்று கிசுகிசுத்தார்கள்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. "அப்போ கவிஞருக்கு விஷயம் தெரியலங்கிற?"

"அவரு விழுந்தே இருக்க மாட்டாரு மேடம்."

"சரியான ஆளும்மா நீ. சார், யாரோட பாட்டு இது?"

வாத்தியார் ஸ்கேலை மேஜையில் மெதுவாக வைத்தார். "நான் எழுதினதுங்க மேடம்," என்றார்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. வகுப்பில் யாருக்குமே தெரியாது. கவிஞர் என்றால் செத்துப்போனவராக இருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மேடம் கெட்டவர் இல்லை. அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். "சரி, நீ சின்னப் பொண்ணு. சாருக்கு ஒரு சாரி சொல்லிட்டு, அவர் சொல்லிக் குடுத்த பொருள அப்படியே ஒரு தடவை சொல்லிடு. நான் எழுதிக்கிறேன்." பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டார்.

ஒரே ஒரு வரி. அதைச் சொன்னால் பெரிய பள்ளி, மதியச் சாப்பாடு. சொல்லாவிட்டால் அந்தக் கறுத்த பலகை. வாயைத் திறந்தேன். அப்பாவின் பெருவிரல் தரையைத் தேடுவது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"சாரி சார்," என்றேன். அது மனசார வந்தது. "ஆனா அத சொல்ல மாட்டேன் மேடம்."

பேனா கம்பவுண்டர் மகளின் பெயரை எழுதியது. நல்ல பெண் அவள், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வாத்தியார் சாயங்காலம் அந்த மழையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. "வீட்ல நீங்க சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கீங்க. இது கொழந்த பேச்சு இல்ல, திமிரு," என்று வாசலிலிருந்தே அம்மாவிடம் சொன்னார். அம்மா நீட்டிய டீயை வாங்கவில்லை. அவர் குடையில் பழைய கிழிசல்களைக் கறுப்பு நூலால் அவரே தைத்திருந்தார், எறும்பு வரிசை போல. இத்தனை வருஷம் கழித்து அந்தத் தையல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அவர் யார் வீட்டிலும் டீ குடித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு யாரும் கை கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் கையே வேண்டாம் என்று பாட்டுக் கட்டிவிட்டார். விழுந்தே இருக்க மாட்டார் என்று நான் சொன்னது தப்பு. விழுந்திருப்பார். அது இப்போது எனக்குப் புரிகிறது. ஆனால் பாட்டு தப்புதான். அதில் நான் இன்றைக்கும் இறங்கி வர மாட்டேன்.

அம்மா அடிக்கவில்லை. "ஒரு வரிடி. ஒரே ஒரு வரி," என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா பாயிலிருந்து, "எனக்காகவா பாப்பா வாதாடின?" என்று கேட்டார். "இல்ல, அது தப்பு, அதான்," என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பக்கத்து வீட்டம்மா மாட்டுக்கொட்டகையில் வறட்டியைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் மூலையில் உட்கார்ந்தேன். "அளபேட," என்றார், அழாதே என்று. நான் அழவில்லை, மூக்குதான் அழுதது. சிலேட்டில் ஏழு என்று எழுதியதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவர் எண்ணினார். "ஐது, ஆறு, ஏளு..." என்று வந்தவர், சட்டென்று எண்ணுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அதுல என்ன தப்பு? எங்க பாஷைல ரெண்டும் ஒண்ணுதானே. எண்ணினாலும் ஏளு, எந்திரின்னாலும் ஏளு."

அவர் குரலைக் கேட்டு, தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, பின்னால் படுத்திருந்த எருமை எழுந்து நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அம்மா ஓடி வந்து எட்டிப் பார்த்தார். வாத்தியாருக்குப் புரியாத என் சிலேட்டு, ஓர் எருமைக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் பலகை. ஊதுபத்திக் கரி நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது. பத்தியில் சேர்க்கும் மட்டிப்பால் பிசினின் வாசனை சோற்றிலும் வரும், கனவிலும் வரும். மழை விடுகிற சமயத்தில் அப்பா கம்பு ஊன்றி நின்றார், பிறகு நடந்தார். ஆனால் சாரம் ஏறவில்லை. தரையில் நின்று கை எட்டுகிற உயரம் வரைக்கும்தான் அதற்கப்புறம் அவர் வர்ணம். மேலே அடிக்க வேறு ஆள்.

நான் வளர்ந்து பீன்யாவுக்குப் போனேன். பெருக்கினேன், பொறுக்கினேன், பிரஸ்ஸில் உட்கார்ந்தேன், தகட்டை வெட்டுகிற அச்சு, அதான் டை, அதை மாற்றக் கற்றேன். "பொம்பளைக்கு எதுக்கு டை செட்டிங்?" என்றவர்கள் பிறகு என்னிடமே வேலைக்கு வந்தார்கள். சொந்த ஷெட் போட்டேன். யாருடைய உதவியும் இல்லாமல் முன்னுக்கு வந்தவர் என்று போன வருஷம் ஒரு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். மைக்கை வாங்கி, "தப்பு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சால்வையைப் போட்டுக்கொண்டேன். சால்வை நல்ல சால்வை.

என் கம்பெனிப் பெயர் உங்களில் பலருக்குத் தெரியும். ஏளு பிரஸ் ஒர்க்ஸ். பில்லில் பார்க்கிறவர்கள் செவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "ஏழு ராசி எண்ணாம்மா? மற்ற ஆறு கம்பெனி எங்கே?" என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்கிறான். ஆமாம் ராசி எண்தான் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். கன்னடக்காரர்கள் மட்டும் போர்டைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நிற்பார்கள். எண்ணா, எழுந்திரு என்கிறார்களா என்று.

கவிதைக்குப் பொருள் கேட்டீர்கள் அல்லவா, அந்த முதல் போர்டு எழுதிய அன்றைக்கு நடந்ததுதான் நான் சொல்லும் பொருள்.

போர்டு எழுத ஒரு பெயின்டரைக் கூப்பிட்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஷெட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். அப்பா பெயின்டரை மேலும் கீழும் பார்த்தார். "என் பொண்ணு போர்டுல இன்னொருத்தன் பிரஷ்ஷா? நீ போய் டீ குடிப்பா," என்று அனுப்பிவிட்டார். அவருக்குக் கன்னடம் எழுதத் தெரியாது. நான் ஏணியில் ஏறி, மஞ்சள் பலகையில் எழுத்தைச் சாக்பீஸால் கீறிவிட்டு இறங்கினேன்.

"என்ன பேரு பாப்பா?"

"ஏளு."

அப்பா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ வருஷமாக அவர் ஓர் ஏணியில் கால் வைத்ததில்லை. சிவப்பு டப்பாவைக் கொக்கியில் மாட்டினார். முதல் படியில் பெருவிரலை வைத்துத் தேடினார். ஏணியின் இடது பக்கம் அம்மா, வலது பக்கம் நான்.

"புடிச்சிருக்கீங்களா?" என்றார் மேலேயிருந்து, திரும்பிப் பார்க்காமல்.

"புடிச்சிருக்கோம்ப்பா. நீ எழுது."

அவர் இறங்கி வந்ததும் காதுமடலைப் பார்த்தேன். சிவப்பு.